வல்செர் கிளையில் ஒரு வெற்றுப் பெயர்

அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்திருந்த வம்ச வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் உருளைக்கிழங்கு வைத்தேன். வல்செர் அரச கிளைக்குப் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் புது வரைபடம் அச்சாகும். முதலில் என் பிறந்த வருஷத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. நாலைந்து வருஷம் குறைத்துப் போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பிறகு என் மகனைத் தேடினேன். 'ரவூல்' என்று மட்டும் இருந்தது. இளவரசர் இல்லை, வல்செர் கோமகன் இல்லை. எங்கள் தெரு இறைச்சிக்கடைக்காரர் பையனுக்குப் போடுவதுபோல வெறும் பெயர்.

பிரெஞ்சுக் குடியரசில் இந்தப் பட்டங்களுக்கு மதிப்பில்லை என்பது எனக்கும் தெரியும். தபால்காரருக்கு நான் வெறும் மதாம் கிஸ்லேன். ஆனால் ரவூலுக்கு அடுத்த மாதம் பதினெட்டு நிறைகிறது. அன்று குடும்பத் தலைவர் தன் கையால் கடிதம் எழுதிப் பட்டம் கொடுப்பது வழக்கம். முத்திரை மோதிரத்துக்கு விரல் அளவு கூடக் கொடுத்தாயிற்று. நான் லிமோஜ் ஊரில் பட்டம் ஏதுமில்லாத ஒரு நோட்டரியின் மகள். பத்தொன்பது வருஷமாக இந்தக் குடும்பத்தின் குத்தல் பேச்சையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதே அந்த ஒரு கடிதத்துக்காகத்தான்.

சந்தேகம் நேராகப் போய் பெர்த்ரான் மேல் விழுந்தது. அவர் என் கணவரின் அண்ணன், குடும்பத் தலைவர், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். சமீபமாகத் தலைக்கு மை பூசுகிறார். வியாழக்கிழமை தவறாமல் புர்ஜ் நகரத்துக்குப் போகிறார். யாரோ ஒருத்தி இருக்கிறாள். வயிற்றில் பிள்ளைகூட இருக்கலாம். அதற்காகத்தான் பட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறார். வரைபடம் தயாரிக்கும் பெரிகோ அம்மாளுக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவளும் கூட்டு. என் கணவர் அமோரியிடம் தாளைக் காட்டினேன். "அச்சுப் பிழையா இருக்கும்" என்றார், தாளைப் பார்க்காமலே. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மூதாதை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கொதிக்கிற மனுஷர் அவர். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஜனவரி இருபத்தொன்று, புரட்சியில் தலை வெட்டப்பட்ட மன்னருக்கான நினைவுப் பூசை. முடிந்ததும் பெர்த்ரானைக் கோயில் பின்னறையில் மடக்கினேன்.

"வியாழக்கிழமையானா புர்ஜ்ல யாரப் பாக்கப் போறீங்க?"

"பல் டாக்டர." வாயைத் திறந்து புதுப் பற்களைக் காட்டினார். "ஏன், உங்களுக்கும் ஆடுதா?"

"விளையாடாதீங்க. என் புள்ள பட்டத்த எதுக்கு எடுத்தீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. "நான் எடுக்கலம்மா. அமோரிதான் எடுக்கச் சொன்னான்."

அதன் பிறகு அவர் சொன்னதை நின்றுகொண்டேதான் கேட்டேன். பெரிகோ அம்மாள் எல்லாருடைய ஞானஸ்நானப் பதிவையும் பங்குக் கோயில்களில் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒருவருக்குக் கல்யாணமானால் அந்தப் பதிவின் ஓரத்தில் குறித்துவைப்பது வழக்கம்; அமோரியின் பதிவு ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்திருக்கிறது. இருபத்து மூன்று வயதில், கியூபெக்கில், கோயிலில் வைத்து ஒரு கல்யாணம். அந்தக் குறிப்பு கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது எங்கள் திருமணம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கியவர், திருச்சபையில் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யவே இல்லை. எங்கள் திருமணத்துக்கு முன் பாதிரியார் கேட்டபோது 'முதல் கல்யாணம்' என்றுதான் சொல்லியிருக்கிறார். அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாளாம்; திருச்சபைக் கணக்கில் அவள்தான் மனைவி. எனக்கு எதுவும் தெரியாது என்றால் திருச்சபை என் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும். வல்செர் கிளையின் விதி ஏற்காது.

"உங்களுக்கு நெசமாவே தெரியாதா?" என்றார் பெர்த்ரான். "தெரிஞ்சுதான் கமுக்கமா இருக்கீங்கன்னு நாங்கல்லாம் நெனச்சோம்."

'நாங்கல்லாம்.' இவர்களை நான் வேவு பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் இவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அமோரி வெளியே, பெர்த்ரான் வீட்டுக்குப் போகும் நடைபாதையில் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"பாதிரியார்கிட்ட பொய் சொல்ல முடிஞ்சிது," என்றேன். "எங்கிட்ட பத்தொம்பது வருஷம் சொல்ல முடிஞ்சிது. ஒரு காகிதத்துக்கிட்ட முடியலையா?"

"அது நூறு வருஷம் கழிச்சும் இருக்கும் கிஸ்லேன். அதுல பொய் ஏறக்கூடாது." உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ரவூல்கிட்ட யார் சொல்றது?"

இன்னொரு கையுறையையும் மாட்டிக்கொண்டு வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

மதிய உணவுக்கு இருபத்தாறு பேர். பெர்த்ரானுக்கு மனைவி இல்லாததால் வீட்டின் முதல் பெண்மணி நான். சாப்பாட்டறைக்குள் நான் நுழையாமல் யாரும் நுழையக்கூடாது. பணியாள் கதவின் இரண்டு பாதிகளையும் திறந்து பிடித்தான். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"போங்க," என்றார் அமோரி காதருகில். "எல்லாரும் காத்திருக்காங்க."

"அவ பேரு என்ன?"

"இப்ப வேணாம்."

"பேரச் சொல்லு. அவதான மொதல்ல போகணும்?"

பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் ஒருமையில் பேசியதில்லை. பின்னால் ஒரு அத்தை செருமினாள். இரண்டாம் வரிசையில் ரவூல் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னம்மா என்பதுபோல் எட்டிப் பார்த்தான். உள்ளே நீண்ட மேசையில் இருபத்தாறு தட்டுகளிலும் சூப் ஊற்றியாகிவிட்டது. ஆவி மெலிந்துகொண்டே வந்தது. ஒருவரும் நகரவில்லை.