சின்ன அறைக்குள் போக முடிந்தவர்

தவமணிக்கு நொதி வேலை, ஆட்களை அளவு பார்த்து அனுப்புவது. கல்யாணத்துக்கு முன்பே கிடைத்தது என்பதால் விடவில்லை.

ஆட்கள் முதலில் பெரிய அறைக்கு வருவார்கள். வாசலில் இடிபடுகிற பருமனானவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். நுழைந்தவர்களை வண்டியில் உட்காரவைத்துப் பட்டை கட்டுவார்கள். வண்டி மேல்மாடிக்குப் போகும். அங்கே எல்லோரும் கைகோத்து வரிசையாக நிற்பார்கள். வரிசை முடிந்ததும் தானாக மடிந்து புரதமாகிவிடும். அந்த ஊரில் கதவு, பம்பு எல்லாமே புரதம்தான்.

வண்டி கிளம்புமுன் தவமணி ஒவ்வொருவரையும் பக்கத்துச் சின்ன அறைக்குள் போகச் சொல்வாள். போக முடியாதவர் சரியான ஆள். போக முடிந்தவர் அளவு குறைந்த, தவறான ஆள். அவருடைய பட்டையை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். புதியவர்களுக்கு இது புரிவதில்லை. உள்ளே போய்விட்டுச் சிரிப்பார்கள், பாவம்.

போன மாதம் அவள் தும்மிய நேரத்தில் ஒரு தவறான ஆள் தப்பி வரிசைக்குப் போய்விட்டார். அந்த வரிசை அவள் வீட்டுக் கதவாக வேண்டியது. கோணலாக மடிந்துவிட்டது. திறந்தால் சுவர்தான் வருகிறது. அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குகிறார்கள்.

இன்றைய வரிசைதான் புதுக் கதவு. முதல் வண்டியில் அவள் கணவர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார்.

அவர் சரியான ஆளைவிட ஒரு சட்டைப் பொத்தான் அளவு சிறியவர். பெரிய அறைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெண்டாட்டிக்குத் தெரியும்.

"என்னங்க இது?"

"நம்ம வீட்டுக் கதவுல நானும் இருக்கணும்."

"நீங்க இருந்தா மறுபடியும் சுவருதான் வரும்."

"வந்துட்டுப் போகட்டும். எத்தனை நாளா யார் கையையும் பிடிக்காம சும்மா கெடக்கேன்."

தவமணி பக்கத்து வாசலைக் காட்டினாள்.

"சின்ன ரூமுக்குள்ள போங்க."

அவர் இரண்டு சட்டை போட்டிருந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். நெஞ்சு இடித்தது. நுழைய முடியவில்லை.

மேல்மாடியில் மணி அடித்தார்கள்.

"மூச்ச விடுங்க."

மாட்டேன் என்று தலையாட்டினார். முகம் சிவந்தது. அவர் பிடிவாதம் அவளுக்குப் புதிதல்ல.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல" என்றார். பிடித்திருந்த மூச்சு வெளியே போய்விட்டது. அலுங்காமல் அறைக்குள் போய்விட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பட்டையை வெட்டினாள்.

"குழம்பு அடுப்பு மேலயே இருக்கு" என்றாள்.

சாயங்காலம் கதவை மாட்டிவிட்டுப் போனார்கள். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய கை இருந்தது. தவமணி அதைப் பிடித்து இழுத்தாள். கதவு திறந்தது. உள்ளே வீடு இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

ஏகாம்பரம் ஜன்னல் வழியாகவே வந்தார். சாப்பிட உட்கார்ந்தார்.

"நாளைக்கு வரிசையில ஏதோ பாலமாம்" என்றார்.

தவமணி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"போதும்" என்று அவர் தட்டை மறைத்துக் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் இன்னொரு கரண்டி போட்டாள்.