காபிக்கு நிறுத்திய வண்டி

மேற்கு பெர்லினை விட்டு வெளியே போகும் நெடுஞ்சாலையில், டிரைலிண்டன் சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், லிஃப்ட் கேட்பவர்கள் வரிசையாக நிற்பார்கள். முதலில் வந்தவர் முதலில் ஏற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். எண்பத்தொன்றாம் ஆண்டு மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, அந்த வரிசையில் பதினாறு பேர். பதினைந்து பேர் முதுகில் மூட்டையும் கையில் ஊர்ப்பெயர் எழுதிய அட்டையுமாக நின்ற மாணவர்கள். மீதி ஒருத்தி கெர்டா. வயது நாற்பத்தெட்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மழைக்கோட்டும் கைப்பையுமாக, பஸ்ஸுக்கு நிற்பவள் போல நின்றிருந்தாள்.

"அக்கா, இன்னைக்கும் ஹானோவரா? அங்க யாரைத்தான் வச்சிருக்கீங்க?" என்று தாடிக்காரன் ஒருவன் சீண்டினான். கெர்டா சிரித்து வைத்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சாம்பல் நிற வண்டி அவளுக்காக நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் எகோன். அறுபதை நெருங்கியவர், பெயிண்ட் விற்பனைக்காரர். சாவடியில் கிழக்கு ஜெர்மன் காவலர் இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். கூட வருவது யார் என்று அவர் கேட்க, எகோன் அவள் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நேரம் குறித்த வழிச்சீட்டு கிடைத்தது. இனி கிழக்கு ஜெர்மனியைக் கடந்து மேற்கு எல்லை சேரும் வரை சாலையை விட்டு விலகக் கூடாது, ஏற்றிய ஆளை நடுவில் இறக்கவும் கூடாது.

மாக்டபூர்க் நகரம் நெருங்கும்போது கெர்டா, வழியில் உணவகம் வரும், ஒரு காபி குடிக்க நிறுத்த முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார் எகோன். போன முறை அப்படி நின்று தாமதமானதற்கு, எல்லையில் வண்டியின் இருக்கைகளைக்கூடக் கழற்றிப் பார்த்தார்களாம். பின்சீட்டில் பிளாஸ்க் இருக்கிறது, வேண்டியதைக் குடிக்கலாம் என்றார்.

பொய் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காபிக்கு இல்லீங்க. என் தம்பி அங்க வருவான்."

சுவர் எழும்புவதற்கு முந்தின வருடம் ஒரு பெட்டியோடு கிழக்கிலிருந்து மேற்கே வந்துவிட்டவள் அவள். சொந்த ஊருக்குள் போக அவளுக்கு இன்னும் அனுமதியில்லை. தம்பி லோத்தார் அங்கே அரசு அலுவலகத்தில் இருக்கிறான். மேற்கில் இருப்பவர்களோடு பேச்சுவார்த்தை இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் வெள்ளி மதியம், அந்த உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். இருபது நிமிடம். எட்டுப் பத்து கிலோமீட்டர் போனபின், எகோன் யாரையோ வாய்க்குள் திட்டிக்கொண்டே உணவகத்துக்குத் திரும்ப வலது பக்க விளக்கைப் போட்டார்.

உள்ளே நல்ல கூட்டம். ஜன்னலோரம் லோத்தார் சூப்போடு உட்கார்ந்திருந்தான். கெர்டா உட்கார வேண்டிய பக்கத்து மேசையில் செய்தித்தாளோடு ஒருவன். அவள் காபி வாங்கி முடித்தும் அவன் பக்கத்தைத் திருப்பவில்லை. கெர்டா கோப்பையை ஏந்தியபடி நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். மூன்று மணி நேரமாக வராத பயம் அப்போதுதான் வந்தது.

அவள் பார்வை போன இடத்தைக் கவனித்த எகோன் நேராக லோத்தாரின் மேசைக்குப் போனார். இங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு கூடமே கேட்கும்படி, "கெர்டா, இங்க வாம்மா, இடம் இருக்கு" என்று கூப்பிட்டார்.

அவள் தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தாள். இருபத்தொரு வருடங்களாக அவன் முகத்தை இவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததில்லை.

"எங்கேர்ந்து வர்றீங்க?" என்று லோத்தார் கேட்டான். வாழ்நாளில் அவளை அவன் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

பெர்லின் என்றாள். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று எகோன், எவரோ எவரையோ கேட்பது போல லோத்தாரைக் கேட்டார்.

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சுங்க. இப்ப நல்லாத் தெரியுது. அதுதான் தொல்லை. ஏன்டா உனக்கு இவ்வளவு சுருக்கம்னு தினமும் கேக்கறாங்க."

"உனக்கு எப்பவுமே கிழட்டு மூஞ்சிதானேடா" என்று சொல்லிவிட்டாள் கெர்டா.

பக்கத்து மேசையில் செய்தித்தாள் இறங்கியது. லோத்தாரின் கரண்டி அப்படியே நின்றது.

எகோன் ஒரு பெருமூச்சு விட்டார். "மன்னிச்சுக்கணும் சார். முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டயும் இவ வாய் இப்படித்தான். போன வாரம் பாதிரியாரையே சொல்லிட்டா. முப்பது வருஷமா நான் பட்டுக்கிட்டிருக்கேன்."

"பரவாயில்லீங்க" என்றான் லோத்தார். உதடு துடித்ததைச் சூப்பை உறிஞ்சி மறைத்தான். செய்தித்தாள் மறுபடி மேலே போனது. அதன்பின் தோட்டத்து உருளைக்கிழங்கு, மகள் பள்ளி முடித்தது, கூரை ஒழுகுவது என்று எல்லாம் பேசினார்கள். எழும்போது எகோன் அவனுக்குக் கை கொடுத்தார். அதனால் கெர்டாவும் கொடுக்க முடிந்தது.

எல்லையில் காவலர் வழிச்சீட்டைப் பார்த்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். சூப் நன்றாக இருந்தது, இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்றார் எகோன். காவலர் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

மேற்கே வந்ததும், ஹானோவரில் எங்கே இறக்கிவிட வேண்டும் என்று எகோன் கேட்டார்.

"இங்கயே இறங்கிக்கறேன். ஹானோவர்ல எனக்கு யாரும் இல்ல. திரும்ப பெர்லின் போகணும்."

எகோன் வண்டியை ஓரம் கட்டினார். பிறகு, மாதத்தில் இரண்டு வெள்ளி இந்த வழியாகத்தான் வருகிறேன், அடுத்த தடவை வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

"வேண்டாங்க. ஒரே வண்டி அங்க ரெண்டாவது தடவை நின்னா எழுதி வச்சுக்குவாங்க. அதனாலதான் ரோட்டுல நிக்கறேன்."

அவருக்குப் புரிந்தது. தம்பிக்குக் கொடுத்த மாதிரியே அவளுக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

கெர்டா மேம்பாலத்தில் ஏறி, கிழக்கு நோக்கிப் போகும் பக்கம் இறங்கி நின்றாள். அம்மா இப்போது தன் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தாள். அரை மணியில் ஒரு மீன் லாரி வேகம் குறைந்து, அவளைத் தாண்டிப் போய் நின்றது. கைப்பையை இடுக்கிக்கொண்டு ஓடினாள்.