முப்பதாம் வரியில் ஒரு விரல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கண்டியில் ஒரு கண் கிளினிக்குக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் பிசகியபோது, "நெட்வேர்க் பிரச்சினை" என்று சொல்லித் தப்பித்தேன். எல்லாரும் நம்பிவிட்டார்கள். நம்பாமல் நாலு வார்த்தை ஏசியிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. எழுதவும் அலுப்பாக இருக்கிறது. இது ஐந்தாவது ஆரம்பம்.

(நான்காவது: "மழை விட்டிருந்தது. பேராதனை வீதியில் வாகனங்கள் மெல்ல" — மழைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

2

கண் டாக்டர் கொழும்பிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவார். முப்பது பேரைப் பார்ப்பார். முன்பெல்லாம் வரவேற்பு மேசையில் இருக்கும் நிரோஷினிதான் நம்பர் கொடுப்பார். கொப்பியில் அடுத்த வெற்று வரியில் இடக்கை விரலை ஊன்றிக்கொண்டுதான் போனையே எடுப்பார். பெயரை எழுதி முடிக்கும்வரை விரல் எழும்பாது. யார் அவசரப்படுத்தினாலும் கொப்பியைத் தரமாட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

கொப்பியின் இடத்தில் சர்வரை வைத்தேன்; நோயாளிகள் தங்கள் போனிலேயே நம்பர் எடுக்கலாம். அதற்குள் முதலில் ஒரே வேலையாள். (நாங்கள் வேர்க்கர் திரெட் என்போம். கௌன்டரில் இருக்கும் ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.) நம்பர் திறக்கும் நாளில் காலை ஏழு மணிக்கு இருநூறு பேர் ஒன்றாக வந்து விழுந்தார்கள். அவன் ஒவ்வொருவராகக் கவனிப்பதற்குள் பாதிப் பேருக்கு இணைப்பு அறுந்தது. எட்டு வேலையாட்களைப் போட்டேன். ஒருவன் பட்டியலைப் பார்த்து, பெயரை எழுதி, மெசேஜ் அனுப்பும்வரை மற்ற ஏழு பேரும் காத்திருக்க ஒரு பூட்டும் வைத்தேன். எட்டுப் பேரும் வரிசையில் நின்றதுதான் மிச்சம். வேகம் பழைய வேகம்தான்.

பெயர் எழுதும் நேரத்துக்கு மட்டும் பூட்டினால் போதும் என்று எனக்குத் தெரியும். அதற்கு இன்னொரு நாள் உட்காரவேண்டும். அலுத்துப்போயிருந்தேன். பூட்டை அடியோடு கழற்றிவிட்டேன். நான் ஒருவனே தட்டிப் பார்த்ததால் ஒரு பிழையும் தெரியவில்லை.

3

சனிக்கிழமை பெருமை பார்க்கப் போய்க் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, முப்பதாம் நம்பருக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்க" என்றார் நிரோஷினி.

இரண்டு வேலையாட்கள் ஒரே நொடியில் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். இருவருக்கும் முப்பது காலியாகத் தெரிந்திருக்கிறது. இருவரும் கொடுத்துவிட்டார்கள்.

ஒருவர் நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வந்த வீரையா. "முதல் கோச்சியில வந்தேங்க. இன்னும் ஒரு மாசம் விட்டா இந்தக் கண்ணு போயிரும்னு போன தடவையே டாக்டரு சொன்னாரு."

மற்றவர் அலவத்துகொட ஊர்க்காரர், சித்தி றலியா என்று பெயர். "எனக்கும் முப்பதுதான் வந்தீக்கிது மகன். மெசேஜப் பாருங்க. ஒரு கண்ணுல பாதிதான் வெளங்குது. ரெண்டு மாசமா நம்பர் கெடைக்கல்ல."

(முந்திய பிரதியில் றலியாவைச் சண்டைக்காரியாக எழுதியிருந்தேன். வீரையாவை உள்ளே அனுப்பினால் உங்கள் மனம் உறுத்தாது அல்லவா. அது இரண்டாவது பொய். உண்மையில் அவர் என் முகத்தைப் பார்த்து, "ஏன் மகன் இப்படி வேர்க்குது? தண்ணி குடிங்க" என்று தன் போத்தலை நீட்டினார்.)

இருவரையும் பார்த்தால் என்ன என்றுதானே கேட்கிறீர்கள். நிரோஷினியும் உள்ளே போய்க் கேட்டார். மூன்று மணிக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை, முப்பதுக்கு மேல் ஒருவர்கூட முடியாது என்று பதில் வந்தது.

"நம்மளையே ஒரு ஆளத் தெரிஞ்சு அனுப்பச் சொல்றாரு, அண்ணா."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நெட்வேர்க் பிரச்சினை என்றேன்.

4

வீரையா உள்ளே போகிறார், றலியா பஸ் ஏறுகிறார். இது ஒரு முடிவு. றலியா உள்ளே போகிறார், வீரையா ஸ்டேஷனில் கோச்சிக்குக் காத்திருக்கிறார். இது இன்னொன்று. ஒருவர் மற்றவருக்குப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பதாகவும் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. என் பிழையை அவர்கள் தலையில் கட்டுவதாகப் பட்டது, அடித்துவிட்டேன்.

இருவரையும் ஒன்றாக அனுப்பிப் பார்த்தேன்: வீரையா கதவைத் றலியா செருப்பைக் கழற்றி தள்ளினா

(முடியவில்லை. எழுதுபவன் ஒரே வேலையாள். ஒருவரைப் பற்றி எழுதும்போது மற்றவர் வெளியில்தான் நிற்கவேண்டும்.)

5

நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் உள்ளே போனவரை நினைத்து நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். வெளியே நின்றவருக்கு அடுத்த மாத முதலாம் நம்பரை என் கையாலேயே போட்டேன். வந்தார். அவருடைய வலது கண் பக்கமாகத்தான் நின்றேன். கடைசிவரை அவர் என்னைக் காணவில்லை.

இப்போது கதவு திறக்கிறது. "முப்பது" என்று கூப்பிடுகிறார்கள். நான் அன்றைக்கே களைத்துவிட்டேன். கீழே உள்ள வரியில் நீங்கள் விரலை வையுங்கள். ஒரு பெயரை எழுதி முடிக்கும்வரை எடுக்காதீர்கள்.

30. ........................