அழுகிற குழந்தையின் படம்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலை, சிறையிலிருந்து கூட்டி வரும் ஈவிரக்கமற்ற கைதிகளின் தலையில் பசை தடவிக் கம்பி ஒட்டுவது. பிறகு அழுகிற முகங்களின் படங்களைத் திரையில் காட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்வாள். சாதாரண ஆளுக்குக் கோடு துள்ளும். இவர்களில் பலருக்கு அசையாமல் கிடக்கும்.

அன்று கைதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வரவேண்டிய வெளியாள் டிமிக்கி கொடுத்துவிட்டார். இளிச்சவாய் யார்? அவள்தான். தன் தலையிலேயே கம்பிகளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கப்படி பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கைதியோடதுதானே? குழந்தை அப்படி அழுது, கோடு அசையவே இல்ல பாரு," என்றார்.

அப்பா செத்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று அண்ணி சொன்னது எட்டு வருஷமாக உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. இப்போது இயந்திரமே சாட்சிக்கு வந்துவிட்டது.

"அது... என்னோடது டாக்டர்," என்றாள்.

டாக்டரம்மா சிரித்தேவிட்டார். "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? இந்தப் படத்த தினமும் நீதானே போடுற? ஐந்நூறு தடவ பாத்திருப்ப. பழகின மூளை எப்படித் துள்ளும்? 'முன்னாடி பாத்திருக்கீங்களா'ன்னு படிவத்துல ஒரு கேள்வி இருக்கே, அது எதுக்கு?"

அந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. கைதி இதையெல்லாம் எங்கே பார்த்திருக்கப் போகிறான் என்று தானே 'இல்லை' போட்டுவிடுவாள். பதிவைக் கிழித்துப் போட்டாள். கழிவறைக்குப் போய் அழுதாள். அழ முடிந்ததே என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

மதியம் அடுத்த கைதி வந்தான். ஆள் மலைபோல இருந்தான். பசை சில்லென்று பட்டதும் நெளிந்தான். கம்பிகளை ஒட்டி முடித்துப் படத்தைக் காட்டி, முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இத முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இந்தப் படத்தையா? இல்லக்கா." அவன் சற்று யோசித்தான். "இப்படி அழுறதையா? எங்க வீட்ல தினமும் பாத்ததுதான். அப்பா வந்தா தங்கச்சி அழும். அவர் போறவரைக்கும் நான் சுவரையே பாத்துட்டிருப்பேன்."

சோறு ஆறிப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னான்.

அவள் பேனா 'இல்லை' கட்டத்துக்கு மேலேயே நின்றது.