48213ஐத் தேடிய கதை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கீழ்வீட்டு வினிதா, போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். பெயரை மாற்றாமல் எழுதச் சொன்னாள்.

2

‘திருமுடிவாக்கத்தில் மழை மெல்லப் பிடித்துக்கொ…’

இல்லை. அன்று மழையே இல்லை, நல்ல வெயில்.

திருமுடிவாக்கத்தில் லிஃப்ட் பிரேக்குக்கு இரும்பு வளையம் செய்யும் ஒரு கம்பெனி. ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி ஐந்து இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். பெட்டியில் போடும்முன் ஒரு கேமரா அதைப் படித்து, எந்தப் பெட்டி என்பதோடு கம்ப்யூட்டரில் ஏற்றும். அதற்குப் புரோகிராம் எழுதியவள் வினிதா. வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம்.

அன்று தரம் பார்க்கும் யூனிஸ் அக்கா ஓடிவந்தார். சோதனையில் 48213இல் கண்ணுக்குத் தெரியாத விரிசலாம், முடிவு வருவதற்குள் அது பெட்டிக்குள் போய்விட்டதாம். அறுநூறு பெட்டிகள். வாசலில் லாரி. வினிதா தேடினாள். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

3

(பேக்கிங் தயாளனை முதலில் முசுடாக எழுதியிருந்தேன். வினிதா படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டாள். திருத்திவிட்டேன்.)

தயாளன் ஒரு வளையத்தை அவள் முன்னால் உருட்டிக் காட்டிச் சிரித்தார். “இத்த எங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கணும்னு உன் கேமராவுக்கு மட்டும் தெரிஞ்சிகீதா?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. கேமரா 82134 என்றும் படித்திருக்கலாம், 21348 என்றும் படித்திருக்கலாம். எண்ணை இரண்டு முறை ஒட்டி எழுதினாள்: 4821348213. எங்கிருந்து படித்திருந்தாலும் இதற்குள் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். (விரலை வைத்துப் பாருங்கள், இருக்கும்.)

திரையில் இரண்டு வளையங்கள் வந்தன.

அன்றைய உற்பத்திப் பட்டியலைப் பார்த்தாள். 13482 என்று இன்னொரு வளையமும் அன்றே செய்திருக்கிறார்கள். அதுவும் சுற்றிப் படித்தால் 48213தான். எது நல்லது, எது விரிசல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

4

இங்கே அவள் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். திரையை வேறு யாரும் பார்க்கவில்லை; கொடுத்திருக்கலாம். அவள் கொடுக்கவில்லை.

“அக்கா, ரெண்டு வருது. எதுன்னு எனக்குத் தெரியல.”

 யூனிஸ் அக்கா லாரியை நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு பெட்டிகளையும் இறக்கவைத்தார். இரண்டு வளையங்களும் சோதனைக்குப் போயின. தயாளன் சொல்லி, மறுநாளிலிருந்து எண் பொறிக்கும்போதே முதல் இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளி குத்துகிறார்கள்.

5

சோதனை முடிவு வினிதாவுக்குத் தெரியும். என்னிடம் சொல்ல வந்தாள், வேண்டாமென்றேன். எதில் விரிசல் என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். இரண்டுமே லாரியில் போகவில்லை; லிஃப்டில் ஏறப்போகிற யாருக்கும் இனி அது தெரியவேண்டியதில்லை.