எஃப் எட்டு

வலது மணிக்கட்டு காலையிலேயே விண்விண்ணென்று தெறித்தது. பதினொரு வருடம் ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளை இழுத்துப் பிரித்த கை. அழுக்குத் துணி வந்து விழும் கீழறைக்குச் சலவைக்கூடத்தில் குழி என்று பெயர். ரத்தமும் சீழும் மூத்திரமும் அங்கேதான் முதலில் கையில் படும். போன மாதம் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவளை மேலே கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள்.

மேலே வந்த முதல் நாளே சூப்பர்வைசர் மவுஸை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டு, வாயை நூலால் கட்டிவிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதம்மா. கீழ இருந்து வர்ற கை. சாயங்காலம் நானும் இதுலதான உக்காரணும்."

அவள் தப்பாகத்தான் நினைத்தாள்.

இன்று அந்த மவுஸ் கோணிக்கொண்டது. எந்த வார்டுக்கு எத்தனை துணி என்ற பட்டியலில் முதல் வார்டின் கட்டத்தில் அழுத்தினாள், சரியாக இருந்தது. அடுத்து ஏழாம் வார்டில் அழுத்தியதும் ஒன்றிலிருந்து ஏழு வரை மொத்தமும் நீலமானது. இன்னும் கீழே அழுத்தினால் நீலம் அதுவரை நீண்டது. விரிப்பில் மருந்து ஊறிப் பரவுகிற மாதிரி. ஏழாம் வார்டுக்கென்று அடித்த எண் முதல் கட்டத்தில் போய் உட்கார்ந்து, முதல் வார்டான பிரசவ வார்டின் கணக்கை அழித்தது. கொஞ்ச நேரம் தானாகச் சரியானது. மறுபடி கோணியது.

ரெண்டு மணிக்குத் துவைத்த துணி ஏற்றும் வண்டி. பட்டியல் கையில் இல்லாமல் டிரைவர் ஒரு தலையணை உறையைக்கூட ஏற்ற மாட்டார்.

பன்னிரண்டரைக்கு சூப்பர்வைசர் வந்து நின்றார். பையோடு சேர்த்து மவுஸைப் பிடித்து இரண்டு தடவை அழுத்தினார். அவருக்கும் நீலம்தான்.

"கெடுத்து வச்சிருக்க பாத்தியா. நேத்து ராத்திரி எனக்கு நல்லாத்தான் ஓடுச்சு."

"நான் ஒண்ணும் பண்ணல சார்."

"மூட்டை இழுத்த கைம்மா அது. பிடிச்சா விடாது. மவுஸுக்குப் பூ மாதிரி கை வேணும்."

அங்கேயே நின்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கை நடுக்கம், கம்ப்யூட்டர் வேலைக்கு லாயக்கில்லை, குழிக்கே திருப்பி அனுப்பலாம். மடித்து, மாடியில் இருக்கும் ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினார்.

"நாளைலேர்ந்து கீழ போயிடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

குழிக்குப் போனால் இந்த மணிக்கட்டு ஒரு வாரம் தாங்காது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள்.

"வேற மவுஸ் மாட்டிப் பாருங்கக்கா" என்றார்.

துணி மடிக்கிறவள் ஆபீஸிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். மாட்டினார்கள். அதே நீலம்.

"ரெண்டு மவுஸுக்கும் ஒரே நாள்ல காய்ச்சலாக்கா?" என்றாள் மடிக்கிறவள்.

அக்காவுக்கு அங்கேதான் உறைத்தது. அடுத்தடுத்து மெஷினில் போட்ட இரண்டு ஈடு துணியில் ஒரே இடத்தில் கறை நின்றால், துணியை யாரும் திட்டமாட்டார்கள், மெஷினைத்தான் திறந்து பார்ப்பார்கள். திரையை மேலிருந்து கீழாக அலசினாள். அடியோரத்தில், இத்தனை நாள் பார்த்திராத இரண்டு சொற்கள், எறும்பு அளவு. எழுத்தெழுத்தாகப் போனில் வாசித்தாள்.

"அட, எக்ஸ்டெண்ட் செலக்‌ஷன். எங்க அழுத்தினாலும் அதுவரைக்கும் சேத்துப் பிடிச்சுக்கும். கீபோர்டுல எஃப் எட்டு யாரோ அழுத்தியிருக்காங்க. இன்னொரு தடவை அழுத்துங்க, போயிடும்."

"அழுத்துறதுக்கு அது மேல வந்தாத்தானே தம்பி. உள்ளயே உக்காந்திருக்கு."

கீபோர்டின் மேல் வரிசையில் அந்த ஒரு விசை மட்டும் பள்ளமாய்க் கிடந்தது. ஹேர்பின்னைக் கொடுத்து நெம்பினாள். பிசின் போல இழுத்துக்கொண்டு வந்தது.

அடியில் ஜாம். அதில் புதைந்த ரொட்டித் துகள், இரண்டு செத்த எறும்பு, ஒரு நரைமுடி. ஓரமெல்லாம் கறுத்த நகத்துண்டுகள், ஆறோ ஏழோ.

மடிக்கிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கர்மம். யாரு நகம்க்கா இது?"

"சாயங்காலம் யாரு உக்கார்றா?"

அக்காவுக்குக் குமட்டியது. மனிதர் உடம்பிலிருந்து வரும் எதையும் அள்ளியிருக்கிறாள், அதற்கு முகம் சுளித்ததில்லை. அது படுத்துக் கிடப்பவர்களின் அசிங்கம், அவர்களைக் கோபித்து என்ன ஆகும். இது உடம்பு நன்றாக இருக்கிற ஆள், தின்றுகொண்டே நகம் வெட்டிப் போட்ட அசிங்கம். எச்சில் ஊறியது. துப்ப இடமில்லாமல் விழுங்கினாள், அது இன்னும் குமட்டியது.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். விசையை வைத்து அழுத்தினாள். அடியோரத்துச் சொற்கள் போயின, திரும்பி வரவில்லை. ஒன்று ஐம்பதுக்குப் பட்டியல் டிரைவர் கையில் இருந்தது.

சூப்பர்வைசர் பல் குத்திக்கொண்டு வந்தார். நகத்துண்டுகளைத் தாளில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"உங்க எஃப் எட்டுக்கு அடியில இருந்தது சார்."

பார்த்தார். காது சிவந்தது. "சரி சரி, வேலை ஆச்சுல்ல. அதைக் கொண்டுபோய்க் கொட்டு."

"மாடிக்கு அனுப்புன கடுதாசி?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா என்ன சார் அர்த்தம்?"

"போனது போயிடுச்சும்மா. பாக்கலாம்னு சொல்றேன்ல" என்று திரும்பி நடந்தார்.

அவள் தாளை அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் அருவருப்பு போகவில்லை. கடிதம் இன்னும் மாடியில் கிடக்கிறது. கோளாறு அவள் கையில் இல்லை என்று இன்னொரு கடிதம் சூப்பர்வைசர் அவளுக்கு எழுதித் தர வேண்டும். அந்தப் பாக்கி அப்படியே நிற்கிறது.