பதினான்கு படி

1915-ஆம் வருஷம். லாஸ் ஏஞ்சலஸ் ஓரத்தில், பழைய மாட்டுக் கொட்டகையில் சிரிப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் ஓபல் டன்லீவிக்குக் கல்யாணப் பெண் வேஷம். அழகாக நின்றால் போதும். பெண் மாடிப்படியில் உருளும் கட்டத்தில், பொய்முடி வைத்துக்கொண்டு ஃபிட்ச் என்கிற நடிகன் அவளுக்குப் பதிலாக விழுவான்.

"நானே விழறேன் சார்," என்றாள் ஓபல்.

டைரக்டர் ஹாஸ்கல் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஏம்மா, எலும்பு முறிஞ்சா யாரு பதில் சொல்றது?"

"ஒன்பது வருஷம் சர்க்கஸ்ல குதிரை மேலேருந்து விழுந்தவ சார் நான். குதிரையைவிட மாடிப்படி சாது."

"விடுங்க சார்," என்றான் ஃபிட்ச். "மகாராணி விழுற அழகை நாமளும் பாப்போமே."

பதினான்கு படியும் உருண்டு விழுந்தாள். ஒரு கீறல் இல்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. செட் போட்ட தச்சர்கள் பதறிக்கொண்டு ஓடிவந்து, "அடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டார்கள். விழுந்ததைவிட அந்தக் கேள்விதான் அவளுக்கு வலித்தது.

கவுனில் ஒட்டிய தூசியைத் தட்டும்போதே அவளுக்குப் பிழை புரிந்துவிட்டது. விழுவதற்கு முன் படியைக் குனிந்து பார்த்திருந்தாள். கல்யாணப் பெண்ணுக்குத் தான் விழப்போவது எப்படித் தெரியும்?

"இன்னொரு தடவை சார்."

இந்த முறை தலை நிமிர்ந்து, கீழே நின்ற விருந்தாளிகளுக்கு முத்தத்தைப் பறக்கவிட்டபடி இறங்கினாள். சொந்தக் கவுனே காலைச் சுற்றியது. தடதடவென்று உருண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்த நிலையில் வந்து நின்றாள். இப்படி வரத்தான் புறப்பட்டேன் என்பதுபோல, மாப்பிள்ளையின் அப்பாவிடம் கையை நீட்டினாள்.

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. கேமராக்காரர் நோவாக், பிலிமை ஓட்டும் கைப்பிடியைச் சுற்றுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், பிலிம் போச்சேய்யா!" என்று கத்தினார் ஹாஸ்கல். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"என்ன சார் பண்றது, கை ஓடமாட்டேங்குது!"

மூன்றாம் முறையும் விழுந்தாள். நோவாக் உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றி முடித்தார்.

அடுத்த படத்துக்குக் கதை கட்டும்போது ஹாஸ்கல் அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஒரு ஏணி, ஒரு வாளி பெயிண்ட், ஒரு போலீஸ்காரன். நீ எங்கேம்மா விழறே?"

"நான் விழல சார். போலீஸ்காரன் விழட்டும். நான் ஏணியைப் பிடிச்சுக்கறேன்."

அன்று மாலையே ஃபிட்சுக்குப் போலீஸ் உடுப்பு அளவெடுத்தார்கள்.